நிப்பு சாரும் பீச்சாங்கை மாப்பிள்ளையும்

பேனாவின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, பறிபோன பேனாவைத் துரத்தியபடி திருமுடிவாக்கத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் போன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அந்த மகானோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. இன்னும் வாய்த்துக்கொண்டிருக்கிறது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. வாட்ச்மேன் முதல் முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவர் நிப்பு சார்தான். வண்டிகளுக்குப் போகும் சின்னச் சின்ன இரும்புச் சாமான்களைக் கடைந்து கொடுப்பது எங்கள் தொழில். நான் பர்ச்சேஸ். அவர் குவாலிட்டி. கடைந்து வரும் சாமானுக்கு ‘ஜாப்’ என்று பெயர், அதை அளந்து பார்ப்பார். அளவு தப்பினால் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்து ஓரமாகத் தள்ளுவார். பொட்டு வைத்த ஜாபுக்கு யார் வந்து சிபாரிசு பண்ணினாலும் மறுவாழ்வு கிடையாது.

சாரின் சட்டைப் பையில் கறுப்பாக, தடிமனாக ஓர் இங்க் பேனா எப்போதும் இருக்கும். அதை யாருக்கும் கொடுக்க மாட்டார். யாராவது கேட்டால், பேன்ட் பையிலிருந்து ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்து நீட்டுவார். அதற்குப் ‘பொதுமக்கள் பேனா’ என்று பெயர். ஒருநாள் முதலாளி காரில் ஏறும் அவசரத்தில், ஏதோ பேப்பரில் கையெழுத்துப் போட சாரின் பையிலிருந்து அவரே பேனாவை உருவிவிட்டார். சார் பதறிப்போய் மூடியை மட்டும் பிடுங்கிக்கொண்டார். இரவல் கொடுத்தால் மூடியைக் கையில் வைத்துக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். மூடி இல்லாத பேனாவை எவனும் பையில் சொருக முடியாது, ஆகவே திரும்பி வந்துவிடும் என்பது அதன் தத்துவம். முதலாளி பேனாவை ஃபைலுக்குள் வைத்து மூடி, ஃபைலோடு ஒரகடத்துக்குப் போய்விட்டார். தத்துவம் அங்கேயே செத்தது.

சார் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார், பொதுமக்கள் பேனாவில். ஷேர் ஆட்டோ, பஸ், மறுபடி ஷேர் ஆட்டோ. அந்தப் பெரிய கம்பெனியில் கோட்டு போட்டவர்கள் கூடியிருந்த மீட்டிங் அறைக்குள் மூடியும் கையுமாக நுழைந்தாராம். “தப்பா நினைக்காதீங்க சார், திறந்து கிடந்தா நிப்பு காஞ்சிடும்” என்று சொல்லி, பேனாவை எடுத்து மூடியைத் திருகிப் பைக்குள் சொருகிக்கொண்டு, பதிலுக்குப் பொதுமக்கள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. கோட்டுக்காரர்கள் யார் அவர் என்று கேட்க, எங்கள் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்றிருக்கிறார். ஒரு மூடிக்கே இவ்வளவு தூரம் வருகிறவர் இருக்கும் இடத்தில் நம்பி ஆர்டர் கொடுக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அந்த ஆர்டர் தன் பேச்சுத் திறமையால் கிடைத்தது என்று முதலாளி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும், முதலாளி அல்லவா.

சாரின் வீடு முடிச்சூர். 2015 வெள்ளத்தில் முடிச்சூரே மிதந்தபோது, மொட்டை மாடியில் நின்றவர்களைப் படகு வைத்து இறக்கினார்கள். ஆளுக்கொரு பையில் பத்திரம், நகை, ரேஷன் கார்டு. சார் மட்டும் பெரிய அடுக்கு டிபன் கேரியரை நெஞ்சோடு அணைத்தபடி ஏறினாராம். படகில் எல்லோரும் பட்டினி. எல்லார் கண்ணும் கேரியர் மேல். குழந்தைக்கு மட்டும் ஓர் இட்லி கிடைக்குமா என்று ஒருவர் கேட்டுவிட்டார். சார் தயங்கித் தயங்கி மூடியைத் திறந்தார். மேலடுக்கில் பஞ்சு மெத்தையில் பேனாக்கள். அடுத்த அடுக்கிலும் பேனாக்கள். அதற்கும் கீழே மை பாட்டில்கள். நல்லவேளையாக அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா ஒரு பையிலிருந்து பிரெட்டை எடுத்துப் படகு முழுக்கப் பங்கு போட்டிருக்கிறார். “எங்க வூட்டுக்காரரைப் பத்தித் தெரியும். அதான் பிரெட்டை நான் எடுத்தேன்” என்று இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இந்தப் பைத்தியத்தை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனசு வராது. என் செட்டு பள்ளிக்கூடத்தில் இங்க் பேனாவோடுதான் மல்லுக்கட்டியது. பால்பாயிண்ட் எடுத்தால் கையெழுத்து கெட்டுவிடும் என்று டீச்சர் பிடுங்கி வைத்துக்கொள்வார், பிறகு அதை வைத்தே அட்டெண்டன்ஸ் போடுவார். பேனா கழுத்து இறுகிவிட்டால் பல்லால் கடித்துத் திறப்போம். மை சிந்தினால் சாக்பீஸை உருட்டி உறிஞ்ச வைப்போம். நிப்பைத் துடைக்கத் தலைமுடி இருக்கவே இருந்தது. பரீட்சையில் மை தீர்ந்து நான் முழித்தபோது, அதுவரை என்னோடு ‘காய்’ விட்டிருந்த பக்கத்துப் பெண் தன் பேனாவைத் திறந்து என் பேனாவுக்குள் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். பிறகு பால்பாயிண்ட் ஜெயித்தது, ஜெல் ஜெயித்தது, இப்போது கட்டைவிரலே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறது. ஒரு பேனாவில் இருப்பதை இன்னொரு பேனாவுக்கு ஊற்றும் வசதி மட்டும் அதன்பின் வரவே இல்லை.

இதைச் சொன்னால் போதும், சார் உட்காரவைத்துப் பாடம் எடுப்பார். இறகிலும் நாணலிலும் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், மைக்கூட்டையே பேனா வயிற்றுக்குள் வைக்கலாம் என்று எவனோ ஒருவனுக்குத் தோன்றியதே, அவனுக்குக் கோயில் கட்டலாம் என்பார். வைத்தவனுக்கு மை ஒழுகுவதை நிறுத்தத் தெரியவில்லை, அதற்கே பலபேர் பலகாலம் சட்டையைக் கறையாக்கிக்கொண்டார்கள் என்பார். நிப்பின் நடுவில் ஏன் ஓர் ஓட்டை, அதன் வழியாகக் காற்று எப்படிப் போய் மை எப்படி இறங்குகிறது என்றெல்லாம் போகும். கடைசியில் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்பார். எழுத எழுத நிப்பு எழுதுகிறவன் கையின் சாய்வுக்குத் தேய்ந்துகொடுக்கும். “அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கிட்டு ரேஷன் கடைக்குப் போவீங்களா மேடம்? போனா காலு கடிக்கும். பேனாவும் அப்படித்தான்.”

கேட்க ஆள் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனால், சிறுசேரி பக்கம் கம்ப்யூட்டர் தட்டும் பிள்ளைகள் வாசலில் செருப்பை விட்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆன்லைனில் இங்க் பேனா வாங்கி, அது எழுதவில்லை என்று கொண்டு வந்திருப்பார்கள். நாள் முழுக்கத் தட்டுகிற விரலுக்கு ராத்திரி ஒரு பக்கமாவது எழுதினால்தான் தூக்கம் வருகிறது என்றான் ஒருவன். சார் காசு வாங்க மாட்டார். அவர் எதிரில் ஒரு பக்கம் எழுதிக் காட்ட வேண்டும், அதுதான் கூலி. எழுதும்போது அந்தப் பிள்ளைகள் நாக்கை ஓரமாகத் துருத்திக்கொள்வதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும்.

சிக்கல், அவர் மகள் ஜெனிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது வந்தது. படிப்பு, சம்பளம், சொந்த வீடு எதையும் சார் கேட்கவில்லை. வந்த பையன் கையில் தன் கறுப்புப் பேனாவைக் கொடுத்து, பெயரையும் பிடித்த சாப்பாட்டையும் எழுதச் சொன்னார். ஊரில் யாருக்கும் கொடுக்காத பேனா. முதல் பையன் நிப்பு விரிகிற மாதிரி அழுத்தி எழுதினான். பேனாவையே இந்த அமுக்கு அமுக்குகிறவன் என் பெண்ணை என்ன பண்ணுவான் என்று சார் தள்ளிவிட்டார். அடுத்தவன் மை வரவில்லை என்று சுவரில் உதறினான், பொறுமை இல்லை. மூன்றாவது பையன் முத்து முத்தாக எழுதிவிட்டு மூடி போடாமல் வைத்தான், பொறுப்பு இல்லை. ஜெனி ஒவ்வொரு தடவையும் உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் மனசில் வேறு ஆள் இருந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்த ஆள் அருண். வண்டலூரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்த மிருக டாக்டர். ஜெனியின் பூனை மீன் முள்ளை விழுங்கிவிட்டு, இவர்களுக்குள் தூது போயிருக்கிறது. அவள் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் சார் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச்சொல் என்றார், பேனாவைக் கழுவிப் புது மை நிரப்பினார். கூட ஓர் ஆள் இருந்தால் அவர் வாய் அடங்கும் என்று ஸ்டெல்லா அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார்.

அருண் நல்ல பையன். வந்ததும் பூனையை விசாரித்தான், கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். சார் பேனாவை நீட்டினார். அருண் அதை வலது கையில் வாங்கி இடது கைக்கு மாற்றினான். ஸ்டெல்லா அக்கா அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

வலது கைக்காரர் எழுதினால் எழுத்து கைக்குப் பின்னால் நின்றுவிடும், கை முன்னால் போய்விடும். இடது கைக்காரருக்கு எழுதின எழுத்தின் மேலேயே கை ஏறிப் போக வேண்டும். அருண் தன் பெயரை எழுதி முடிப்பதற்குள் அது அழிந்தது. பிடித்த சாப்பாட்டுக்கு வரும்போது நிப்பு பேப்பரில் குத்தி மாட்டியது, மை தெறித்து சாரின் வெள்ளை வேட்டியில் நாலைந்து புள்ளி வைத்தது. அவன் விடாமல் எழுதி முடித்துவிட்டுக் கையைத் திருப்பிக் காட்டினான். உள்ளங்கை ஓரமெல்லாம் நீலம்.

“சாரி அங்கிள். ஸ்கூல்லேருந்தே எனக்கு இப்படித்தான். இதுக்காகவே நிறைய அடி வாங்கியிருக்கேன்” என்றான்.

சார் பேனாவை மூடினார். “பாக்கலாம்” என்றார். அந்த முகத்தை நான் கம்பெனியில் தினமும் பார்க்கிறேன். சிவப்புப் பொட்டு வைக்கிற முகம்.

அதற்குப்பின் அந்தப் பேச்சே அவர் எடுக்கவில்லை. ஜெனி எடுத்தால் மை பாட்டிலைத் துடைக்கப் போய்விடுவார். ஒருநாள் சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற ரகம் இல்லை அவள். அப்பா முழு மனசோடு சரி என்று சொன்னால்தான் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்று அருணிடமும் சொல்லிவிட்டாளாம். அவன் காத்திருக்கிறேன் என்றானாம்.

“அவர் வேணாம்னு சொன்னா சண்டை போடலாம்க்கா. வாயே திறக்க மாட்டேங்கிறாரு. நான் யார்கூட சண்டை போடுறது?” என்றாள். சிரிக்கிற பெண் அப்படி நின்றதைப் பார்த்து எனக்கு சார் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பெரிய நிப்பு, ஊரில் இல்லாத நிப்பு.

ஆத்திரத்துக்கு மருந்து மறுவாரமே கிடைத்தது. நைட் ஷிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஒரு லாட்டையே தள்ளிவிட்டார், பெட்டி பெட்டியாகச் சிவப்புப் பொட்டு. சார் வந்து பார்த்தார். ஜாபை எடுக்கவில்லை, அளந்த கேஜை எடுத்தார். அளவு சரியா என்று பார்க்க ஜாபை உள்ளே விட்டுப் பார்க்கிற இரும்பு வளையம் அது, நுழைந்துவிட்டால் ஜாப் இளைத்துவிட்டது என்று அர்த்தம். அதையே அளந்து பார்த்தால், பலநாள் உபயோகத்தில் அது தேய்ந்து ஓட்டை பெரிதாகியிருந்தது. ஜாப் எல்லாம் சுத்தம். கேஜைப் பார்க்காமல் ஜாபை ரிஜெக்ட் பண்ணுவது மகா பாவம் என்று இன்ஸ்பெக்டரைத் திட்டிவிட்டு, சாரே தின்னர் நனைத்த துணியால் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

டீ நேரத்தில் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“சார், உங்க பேனா எந்தக் கைக்குத் தேஞ்சிருக்கு?”

“என் கைக்குத்தான். ஏன் மேடம்?”

“உங்க வலது கைக்கு. அருணைத் தள்ளுறதுக்கு முன்னாடி கேஜைப் பாத்தீங்களா?”

சார் என்னைப் பார்த்தார், சட்டைப் பையைப் பார்த்தார். டீயை எடுத்தார், குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனார். நட்பை இன்றோடு தலைமுழுகினோம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை சார் கேன்டீனில் இடது கையை நீட்டி டீ வாங்கினார். கேன்டீன் மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை.

“இன்னா சார், காலங்காத்தால பீச்சாங்கையை நீட்டிகினு கீற? சோத்துக்கைக்கு இன்னா ஆச்சு?”

“பழகுறேன்பா” என்றார் சார்.

பழகினார் என்றால் அப்படிப் பழகினார். இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டெல்லாம் இடது கையில். கோழி நடந்த மாதிரி இருந்தது. ஒரகடத்துக்காரர்கள் போன் போட்டு, உங்கள் இன்ஸ்பெக்டருக்கு விபத்து ஏதாவதா என்று விசாரித்தார்கள். முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதா, கூச்சப்படாமல் சொல்லுங்கள், லீவு தருகிறேன் என்றார். கோயிலில் காணிக்கையைக்கூட இடது கையால் போட்டுப் பக்கத்து வரிசையில் முறைப்பு வாங்கினார். சாப்பாட்டு நேரத்தில், ஜாப் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு நைசான எமரித் தாளில் நிப்பைத் தேய்ப்பார், இடது கையில் எழுதிப் பார்ப்பார், தூக்கிப் போடுவார், அடுத்த நிப்பை எடுப்பார். அவர் இடது உள்ளங்கை ஓரம் மை ஏறிக் கருநீலமாகவே ஆகிவிட்டது.

அருணையே கூப்பிட்டு எழுதச் சொல்லிப் பார்த்தால் வேலை சுலபமாக முடியுமே என்றேன்.

“நான் பாக்கலாம்னு சொன்னவன் மேடம். பாத்து முடிக்காம எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுக் கூப்பிடுறது?” என்றார். தேய்த்துக்கொண்டே, என்னிடம் சொல்வது மாதிரியும் இல்லாமல் தொடர்ந்தார். “நாமெல்லாம் பேனாவை இழுக்கிறோம். இடது கைக்காரன் தள்ளுறான். சின்ன வயசுலேருந்து தள்ளிக்கிட்டே இருக்கான், அதுக்கு அடி வேற வாங்கியிருக்கான். நான் வேற வேட்டியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

எனக்கு ஆத்திரமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஜெனியிடம் சொல்லிவிடலாம் என்று வாய் துடித்தது. முடிகிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று சார் சத்தியம் வாங்கியிருந்தார். அவளோ அப்பாவின் கையைப் பார்த்து நரம்பு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டாள். ஸ்டெல்லா அக்கா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார்.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை, துணைக்கு வாங்க மேடம், தைரியம் பத்தவில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு சார் வண்டலூர் போனார். அருணின் கிளினிக்கில் டோக்கன் வாங்கினார். எங்களுக்கு முன்னால் ஒரு லாப்ரடார், பின்னால் கூண்டோடு ஒரு கிளி. நடுவில் சார், பிராணி இல்லாமல். பக்கத்தில் இருந்த அம்மா, உங்க செல்லத்துக்கு என்ன என்று கேட்டதற்கு, வீட்டில் இருக்கிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது என்றார். அது உண்மைதான். ஜெனி சரியாகச் சாப்பிட்டு நாளாகியிருந்தது.

எங்கள் முறை வந்தது. அருண் டோக்கனைப் பார்த்தான், சாரைப் பார்த்தான், எழுந்து நின்றுவிட்டான். சார் புதுப் பேனா ஒன்றை மூடியோடு மேசைமேல் வைத்தார்.

“எழுதுங்க.”

“என்ன எழுதுறது அங்கிள்?”

“எதையாவது.”

அவன் முன்னால் கிடந்தது லாப்ரடாரின் மருந்துச் சீட்டு. அதையே எழுதினான். நிப்பு குத்தவில்லை, மாட்டவில்லை, வெண்ணெயில் கத்தி மாதிரி போனது. மையும் சட்டென்று காயும் ரகம். சார் எத்தனை பாட்டில் மாற்றினார் என்று எனக்குத்தான் தெரியும். அருண் ஒரு வரி எழுதினான், இன்னொரு வரி எழுதினான், பிறகு நிறுத்திக் கையைத் திருப்பிப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் சாரின் கையைப் பார்த்தான்.

சார் சீட்டை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் படித்தார். “கையெழுத்து மட்டம். அது டாக்டருங்க வியாதி, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். சீட்டைத் திரும்ப மேசைமேல் வைத்தார். “ஜெனிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அழுவா.” சொல்லும்போது அழுதது யார் என்று நான் எழுதப்போவதில்லை. லாப்ரடார்கூட வந்து எட்டிப் பார்த்தது.

மாப்பிள்ளைக்கென்று சார் அதன்பிறகும் நிப்பு தேய்த்து இடது கையில் எழுதிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் முழுக்க ஸ்டெல்லா அக்கா அவர் உள்ளங்கையை எலுமிச்சம்பழம், உப்பு, சோடா மாவு என்று போட்டுத் தேய்த்தார். தோல்தான் சிவந்தது, நீலம் போகவில்லை. கோட்டுப் பையிலிருந்து அந்தக் கையை வெளியே எடுத்தால் நடக்கிறதே வேறு என்று எச்சரித்துத்தான் கோயிலுக்கு அனுப்பினார். வாசலில் வெள்ளைப் பட்டுச் சேலையில் ஜெனி நின்றாள். பீடம் வரை பெண்ணை அப்பா கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும். சார் வலது கையை நீட்டினார். அவள் அதைக் கவனிக்காதது மாதிரி அவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், கோட்டுப் பைக்குள் கைவிட்டு, அந்த நீலக் கையை வெளியே இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீடியோக்காரர் ஓடி வந்து, சார் கையில் ஏதோ கறை தெரிகிறது, எடிட்டிங்கில் எடுத்துவிடவா என்று கிசுகிசுத்தார்.

“அதை மட்டும் எடுத்துடாதீங்கண்ணா” என்றாள் ஜெனி.

இரண்டு பேரும் நடந்து போனார்கள். எல்லோரும் கல்யாணப் பெண்ணைப் பார்த்தார்கள். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டதால் அதையும் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை.